தொண்டர் தேடிய கோகலே

தொண்டு செய்யும் சங்கங்கள் பல. அவற்றிற்கு மனமுவந்து வரும் வாலிபர் சிலர். இக்குறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. கலாசாலைகளில் ஆண்டுத் தொடக்கத்தில் சமூக சேவைச் சங்கத்துக்குப் பெயர் கொடுப்போர் தொகை பெரிதாயிருக்கும். பரீட்சை நெருங்க நெருங்க, இரவுப் பள்ளிக்கு விளக்கெடுத்துச் செல்வோர் இருவர் மூவராகக் குறைவர். இது குறித்து வாலிபரை நோவோர் உளர். அழைப்போரை நோவோரும் உளர். இளைஞரை எதற்கு அழைப்பது, எங்ஙனம் அழைப்பது, வந்தபின் அவர்களை என்செய்வது என்னும் இம்மூன்று வினாக்களுக்கும் தம் வாழ்நாளையே விடையாகத் தந்தவர் ஒருவர் உண்டு. அவரே கோபால கிருஷ்ண கோகலே. சட்டசபையில் வாதாடிய அரசியலறிஞராகவும், காந்தியடிகளின் அரசியல் ஆசானாகவும் அவரை யாவரும் அறிவர். நாமோ இங்கு அவரைத் தொண்டர் தேடிய ஒருவராகக் காண விழைகின்றோம்.

கோகலே 1866-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள், அக்காலத்துப் பம்பாய் மாகாணத்தின் இரத்தினகிரி ஜில்லாவில் கோத்லுக் என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பம் செல்வமுடையதன்று. அவர் பதின்மூன்று பிராயத்தினராயிருந்தபோது தந்தையார் இறந்துபட்டார். தமையனார் கோவிந்தர் தம் படிப்பை நிறுத்திவிட்டு மாதம் 15 ரூபாய் ஊதியத்தில் வேலைக்கு அமர்ந்தார். அதில் 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்கென்று அனுப்பிவந்தார். எஞ்சிய 7 ரூபாயில் குடும்பம் நடந்தது. தம்பியோ தம் கையாலேயே சமைத்துண்டு, காசைக் கணக்கிட்டுச் செலவு செய்து, கோலாப்பூரிலும் புனாவிலும் பம்பாயிலும் கற்று, 1884-இல் எல்பின்ஸ்டன் கலாசாலையிலிருந்து பி. ஏ. பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. பிற்காலத்தில் அவர் பிறரிடம் தியாகத்தைக் கேட்டபோது, தியாகம் என்பது அவருக்கு ஏட்டில் கண்ட சொல்லாயிருக்கவில்லை. ஒருவர் விட்டுக்கொடுத்ததனாலேயே தாம் கற்றவரானோம் என்பதை அவர் உண்டு உடுத்து அறிந்திருந்தார்.

பட்டம் பெற்றவர்க்கு அந்நாளில் இரண்டு வழிகள் விரிந்து கிடந்தன. ஒன்று சர்க்கார் உத்தியோகம். மற்றொன்று வக்கீல் தொழில். கோகலே சட்டம் கற்கவும் தொடங்கினார். எனினும் புனாவில் அப்போது வேறொரு முயற்சி நடைபெற்றுக்கொண்டிருந்தது. திலகர், அகர்க்கர் முதலிய இளைஞர் சிலர் கூடி, நம்மவர் பொருளாலும் நம்மவர் உழைப்பாலும் கல்வியைப் பரப்புவோமென்று 1884-இல் தக்காணக் கல்விச் சங்கத்தை நிறுவினர். அதன் ஆயுள் உறுப்பினராகச் சேர்வோர் இருபது ஆண்டுக்காலம் உழைப்பதாக உறுதிகூற வேண்டும். பெறுவது மாதம் 75 ரூபாயே. தமையனார் பட்ட கடன்களையும், தம்பியின் சம்பாத்தியத்தை எதிர்நோக்கியிருந்த குடும்பத்தையும் எண்ணிப் பார்ப்போமாயின், அவ்வுறுதியின் அருமை நமக்கு விளங்கும். 1886-இல், தம் இருபதாம் வயதில், கோகலே அவ்வுறுதியைக் கூறினார்.

சங்கம் நடத்திய பெர்குஸன் கலாசாலையில் அவர் ஆங்கிலமும் கணிதமும், பின்னர் வரலாறும் பொருளாதாரமும் போதித்தார். விடுமுறை வந்தால் ஏனைய ஆசிரியர் ஓய்வெடுப்பர். அவரோ கலாசாலைக் கட்டடத்துக்குப் பணந்திரட்ட ஊர் ஊராகச் சென்று, வாயில்தோறும் நின்றார். இரக்கும் பணி அவர் இயல்புக்கு ஒத்ததன்று. கூச்சமும் மானமும் மிக்கவர். ஆயினும் பொதுக் காரியத்துக்குக் கேட்பதில் இழிவில்லை என்பதை அவ்வலைச்சலே அவருக்குக் கற்பித்தது. பொருளைக் கேட்கப் பழகிய நாவே பின்னாளில் ஆளையும் கேட்டது.

தொண்டர்களைத் தேடிய கோகலேயும் ஒருகாலத்தில் பிறரால் தேடி எடுக்கப்பட்டவரே. நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே அவரைக் கண்டு தேர்ந்தார். தேர்ந்ததோடு நில்லாமல் பயிற்றுவித்தார். சர்க்கார் அறிக்கைகளையும் வரவு செலவுக் கணக்குகளையும் முன்வைத்து, குறிப்பெழுதச் செய்து, எழுதியதைத் திருத்தி, போதாவிடின் மீண்டும் எழுதச் செய்வார். புகழுரை ரானடேயிடமிருந்து எளிதிற் கிடையாது. சார்வஜனிக சபையின் காலாண்டுப் பத்திரிகையை 1887-இல் இளைஞரான கோகலேயின் பொறுப்பில் விடுத்தவரும் அவரே. 1901-இல் ரானடே காலமாகும் வரை, ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் இப்பயிற்சி நீடித்தது. நல்ல நெஞ்சம் மட்டும் தொண்டுக்குப் போதாது, செய்தியை ஐயந்திரிபறத் தெரிந்த அறிவும் வேண்டும் என்னும் கொள்கை இங்ஙனமே அவருள் வேரூன்றியது.

இக்கொள்கையின் அருமையை அவர் பெரியதோர் அவமானத்தின் வாயிலாகவும் உணர நேர்ந்தது. 1897-இல் இந்திய அரசாங்கச் செலவு பற்றி விசாரித்த வெல்பி கமிஷன் முன் சாட்சியம் கூற அவர் இங்கிலாந்து சென்றார். புனாவில் அப்போது பிளேக் நோய் பரவியிருந்தது. நோயைத் தடுக்க ஏவப்பட்ட சிப்பாய்கள் வீடுகளிற் புகுந்து செய்த கொடுமைகளைப் பற்றி நண்பர்கள் கடிதம் எழுதினர். அவற்றை நம்பிக் கோகலே ஆங்கிலப் பத்திரிகை வாயிலாக வெளியிட்டார். தாயகம் திரும்பியபின் சான்று காட்டுமாறு கேட்கப்பட்டபோது, எழுதியவர்களின் பெயரை வெளியிடவும் இயலவில்லை. குற்றச்சாட்டை மெய்ப்பிக்கவும் இயலவில்லை. ஆதலின் அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். நாட்டினர் பலர் அவரைக் கோழையெனத் தூற்றினர். பொதுவாழ்வு அத்துடன் முடிந்ததென்றே பலரும் எண்ணினர். கோகலே மறுமொழி கூறிக்கொண்டிருக்கவில்லை. பிளேக் மீண்டும் புனாவைத் தாக்கியபோது தொண்டர்களோடு சேர்ந்து நோயாளிகளின் இல்லங்களுக்குச் சென்றார். இழந்த மதிப்பை அவருக்கு மீட்டுத் தந்தது அவ்வுழைப்பே.

1899-இல் பம்பாய்ச் சட்டசபையிலும், அதன்பின் இராஜப்பிரதிநிதியின் சட்டசபையிலும் அவர் இடம் பெற்றார். 1902-இல் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி அவர் ஆற்றிய பிரசங்கம், கஜானாவில் பணம் மிஞ்சியிருப்பதே மக்கள் செழிப்புக்கு அடையாளம் என்ற எண்ணத்தைத் தகர்த்தது. அவ்வாண்டிலேயே பெர்குஸன் கலாசாலையிலிருந்து சிறிய உபகாரச் சம்பளத்துடன் விடைபெற்றார். அவர் விட்டுச்சென்ற கலாசாலைக்குத் தலைவராக வந்தவர் யார் என்பது நோக்கத்தக்கது. அக்கலாசாலையின் மாணவராயிருந்து, கேம்பிரிட்ஜ் சென்று, 1899-இல் கணிதப் பரீட்சையில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட இரகுநாத பராஞ்சபே என்னும் இளைஞரே அவர். கடல் கடக்குமுன் சங்கத்துக்குக் கொடுத்த வாக்கைக் காத்து, உயர்ந்த உத்தியோகங்களைக் கருதாது, அதே 75 ரூபாய்க்கு வந்து அமர்ந்தார். ஆசிரியர் வாழ்ந்து காட்டியதை மாணவர் பின்பற்றினார். ஆட்சேர்க்கும் வழிகளில் இதற்கு நிகரானது பிறிதில்லை என்பது நம் கருத்து.

தேச காரியங்கள் யாவும் பெரிய மனிதரின் ஓய்வு நேரத்தில் நடைபெறுவதைக் கோகலே கண்டார். வக்கீல்கள் கோர்ட்டு விடுமுறையில் மகாசபைக்கு வருவர். மூன்று நாள் பேசுவர். பின்னர்த் தத்தம் தொழிலுக்கு மீள்வர். முழுநாளையும் முழு வாழ்வையும் தருவோர் இன்றி நாடு முன்னேறாதென்று அவர் துணிந்தார். சமயத் துறவியர் கடவுளுக்கெனத் தம்மை ஒப்புவித்தல் போல, தேசத் தொண்டுக்கெனத் தம்மை ஒப்புவிக்கும் இளைஞர் சிலரைத் திரட்டிப் பயிற்ற வேண்டும் என்பதே அவர் எண்ணம். 1905-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12-ஆம் நாள் புனாவில் இந்திய ஊழியர் சங்கம் தோன்றியது. கோகலே முதலில் தாமே விரதங்களை ஏற்றார். பின்னரே மற்ற மூவரையும் ஏற்கச் செய்தார். அவர்கள் நடேச அப்பாஜி திராவிட், கோபால கிருஷ்ண தேவதர், அனந்த விநாயக பட்வர்த்தன் என்போர். பாரத தேசம் முழுமைக்கும் தொண்டு செய்யப் புறப்பட்ட சங்கத்தின் தொகை அன்று நான்கே.

விரதங்கள் ஏழு. நாட்டையே முதற்கண் நினைத்துத் தம்மிடமுள்ள சிறந்ததை அதற்கு அளித்தல். தொண்டில் தன்னலம் நாடாமை. சாதி சமய வேற்றுமையின்றி இந்தியர் அனைவரையும் உடன்பிறந்தாராகக் கருதி உழைத்தல். தமக்கும் தம் குடும்பத்துக்கும் சங்கம் அளிப்பதில் மனநிறைவுற்று, பொருளீட்டுவதில் முயற்சியைச் செலவிடாமை. தூய வாழ்வு வாழ்தல். எவரோடும் சொந்தப் பூசல் கொள்ளாமை. சங்கத்தின் நோக்கங்களை எப்போதும் கண்முன் கொண்டு அதன் நலத்தைப் பேணுதல் என்பன அவை. இவற்றுள் ஆறாவது எளிதென்று தோன்றும். பொதுச் சங்கங்களில் பழகியவர்களோ, ஏழனுள்ளும் அதுவே கடினமென்பர்.

விரதம் ஏற்றவுடனே மேடையேறலாமென எண்ணி வந்தோர் ஏமாற்றமடைந்தனர். ஐந்தாண்டுப் பயிற்சி விதிக்கப்பட்டது. புனாவிலுள்ள சங்க இல்லத்தில் தங்கி வரலாறும் பொருளாதாரமும் சட்டமும் ஆட்சிமுறையும் கற்க வேண்டும். நாட்டின் பல பாகங்களிலும் சுற்றி, மக்கள் வாழும் வகையைக் கண்ணாரக் காண வேண்டும். பயிற்சிக்காலம் முழுவதும் கோகலேயின் மேற்பார்வை உண்டு. ரானடே தமக்குச் செய்ததை அவர் தம் இளைஞருக்குச் செய்தார். கல்வி முடியாத மாணவர் அரசியற் கிளர்ச்சியில் இறங்குவதையும் அவர் விரும்பவில்லை. முதலிற் கற்க, பின்னர்க் காண்க, அதன்பின் தொண்டாற்றுக என்பதே அவர் வகுத்த முறை.

இம்முறைக்கு மறுப்பும் இல்லாமற் போகவில்லை. வங்கப் பிரிவினையால் நாடு கொதித்த ஆண்டு அது. ஆயிரக்கணக்கான இளைஞர் தெருவில் இறங்கி நின்றபோது, ஐந்தாண்டு படியுங்கள் என்று அழைப்பவர் குரல் எவர் காதில் விழும்? அன்றியும் சங்கத்தின் கொள்கைக் குறிப்பு ஆங்கில ஆட்சியின் தொடர்பை ஏற்றுக்கொண்டிருந்தது. அது பலருக்குக் கசந்தது. மற்றொரு புறம் சர்க்காரின் ஐயப்பார்வையும் சங்கத்தின்மேல் விழுந்தது. இவற்றால் சங்கத்தின் தொகை எக்காலத்தும் பெருகவில்லை. இதனைக் குறையென்பார் கூற்றை நாம் முற்றும் மறுக்க மாட்டோம். காந்தியடிகளின் அழைப்பு பிற்காலத்தில் ஓராண்டில் திரட்டிய மக்களைக் கோகலேயின் அழைப்பு நூறாண்டிலும் திரட்டியிராது. ஆயினும் திரள்வது வேறு, நிலைப்பது வேறு. கோகலேயின் அழைப்புக்கு வந்தோர் எத்தகையோர் என்பதையும் காண்போமாக.

தமிழ்நாட்டிலிருந்து சென்றவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். ஏழைப் புரோகிதர் ஒருவரின் மைந்தராய் 1869-இல் பிறந்து, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பள்ளியின் தலைமையாசிரியராய்ப் பெரும் பெயருடன் விளங்கியவர். குடும்பப் பொறுப்புடையவர். சங்கத்தின் விதிகளைக் கண்டு மனம் பற்றி, நிலையான பதவியைத் துறந்து, 1907-இல் புனா சென்று சேர்ந்தார். கோகலேக்குப் பின் சங்கத்தின் தலைமையை ஏற்றவரும் அவரே. பம்பாயில் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளைத் தம் களமாகக் கொண்ட நாராயண மல்கர் ஜோஷி 1911-இல் சமூக சேவைச் சங்கத்தைத் தொடங்கி, இரவுப் பள்ளிகளையும் வாசகசாலைகளையும் நிறுவினார். 1920-இல் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தோன்றுவதற்கும் காரணராயிருந்தார். தேவதர், ரமாபாய் ரானடே அம்மையாருடன் கூடி 1909-இல் புனா சேவாசதனத்தை அமைத்துப் பெண்களுக்குக் கல்வியும் தொழிலும் கற்பிக்க வழிகோலினார். 1921-இல் மலையாளக் கரையில் மாப்பிளைக் கலகத்தால் வீடிழந்தோர்க்கு உணவும் உறைவிடமும் அளிக்கும் பணியைத் தலைமை தாங்கி நடத்தினார்.

1909-இல் தம் இருபத்திரண்டாம் பிராயத்தையொட்டிச் சங்கத்தில் சேர்ந்த இருதயநாத குன்சுரு, 1978-இல் இறக்கும் வரை அதன் ஊழியராகவே வாழ்ந்தார். பிரயாகையில் அவர் துணைநின்று நடத்திய சேவா சமிதி, கும்பமேளாக் கூட்டத்தில் வழிதவறியோரைச் சேர்ப்பிக்கவும் நோயுற்றோரைப் பேணவும் இளைஞரைத் திரட்டிப் பழக்கியது. சேவா சமிதியின் சாரணர் சங்கமும் அங்கேயே எழுந்தது. நாடு விடுதலை பெற்றபின் சாரணர் இயக்கங்கள் ஒன்றாய் இணைந்து 1950-இல் பாரத சாரண சாரணியர் இயக்கம் அமைந்தபோது, அதன் முதல் தேசிய ஆணையர் குன்சுருவே. ஒரு தொண்டரை நன்கு பயிற்றினால் அவர் ஆயிரவரைப் பயிற்றுவார் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

வாலிபர் மட்டுமே வந்தனரோ எனில், அன்று. அமிருதலால் தக்கர் பம்பாய் நகரசபையில் எஞ்சினீயர். குப்பை அள்ளும் தொழிலாளரின் குடிசைகளையும் அவர்கள் கடன்பட்டு நைவதையும் அன்றாடம் கண்டு மனம் வருந்தியவர். 1914-இல், தம் நாற்பத்து நான்காம் வயதில், உத்தியோகத்தை உதறிவிட்டுச் சங்கத்தில் சேர்ந்தார். பில்லர் முதலிய மலைவாழ் மக்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் அவர் ஆற்றிய தொண்டினால் தக்கர் பாபா என்று நாடெங்கும் அழைக்கப்பெற்றார். கலாசாலையை விட்டு நெடுநாளாகிய நம் பழைய மாணவர்களும் இச்செய்தியைக் கருதுவார்களாக. தொண்டுக்குப் பருவம் கடந்துவிட்டது என்பது பெரும்பாலும் நாமே நமக்குக் கூறிக்கொள்ளும் ஆறுதல்.

சங்கத்துக்கு வெளியிலிருந்தும் கோகலே ஆட்களை வருவித்தார். 1912-இல் அவர் தென்னாப்பிரிக்கா சென்று, ஆங்கு ஒப்பந்தக் கூலிகளாய்ப் போயிருந்த தமிழரும் பிறரும் படும் துன்பங்களை நேரிற் கண்டார். மறு ஆண்டு அம்மக்கள் காந்தியடிகளின் தலைமையில் அறப்போர் தொடங்கியபோது, உடல்நலம் குன்றியிருந்தும் இந்நாடெங்கும் பொருள் திரட்டி அனுப்பினார். ஆளும் வேண்டுமென்றார். டில்லி ஸ்டீபன்ஸ் கலாசாலையில் ஆசிரியராயிருந்த ஆண்ட்ரூஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் தம் சேமிப்பை நிதிக்கு அளித்ததோடு தம்மையும் அளித்தார். அவரும் அவர் நண்பர் பியர்ஸனும் கப்பலேறி, 1914-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டர்பன் நகரை அடைந்தனர். கிறிஸ்தவக் கலாசாலை ஒன்றின் வகுப்பறையிலிருந்து ஒருவர் நேரே துன்புற்றோரிடம் சென்ற இவ்வரலாறு, நம்மனோர் நினைவில் வைக்கத்தக்கது.

இதனிடையே 1911-இல், சிறுவர் அனைவருக்கும் கட்டாயத் தொடக்கக் கல்வி அளிக்க வழிதேடும் மசோதாவைச் சட்டசபையில் அவர் கொண்டுவந்தார். 1912 மார்ச்சில் அது 38-க்கு 13 என்ற வாக்குகளால் தோல்வியுற்றது. தோல்வி நேருமென்று அறிந்தே அவர் முயன்றார். பின்வருவோர் வெற்றிபெறத் தாம் தோற்பதும் ஒரு தொண்டென அவர் எண்ணினார்.

1915-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் காந்தியடிகள் தாயகம் திரும்பினார். தென்னாப்பிரிக்காவில் இருபதாண்டு போராடிப் புகழ்பெற்ற அவரிடமும் கோகலே தம் இளைஞரிடம் கேட்டதையே கேட்டார். ஓராண்டுக்காலம் நாட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அதுவரை பொதுக் காரியங்களைப் பற்றிக் கருத்து வெளியிடாதிருக்க வேண்டும் என்றார். காந்தியடிகள் அதற்கு உடன்பட்டார். அவர் பின்னர் ஏழை மக்களின் உள்ளத்தை அறிந்து பேசினாரென்றால், அவ்வோராண்டின் மௌனத்துக்கும் அதில் பங்குண்டு. அடிகளைச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளக் கோகலே பெரிதும் விரும்பினார். ஆனால் அங்கத்தினரிடையே கருத்து வேற்றுமை இருந்தது. அது தீருமுன்னரே, 1915 பிப்ரவரி 19-ஆம் நாள், தம் நாற்பத்தெட்டாம் வயதில் கோகலே காலமானார். சங்கத்திற் பிளவு நேரலாகாதென்று காந்தியடிகள் தம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். நீரிழிவு நோயோடு பல்லாண்டு போராடிய உடல் ஓய்ந்தது. சர்க்கார் அளிக்க முன்வந்த ஸர் பட்டத்தை முந்தின ஆண்டே அவர் மறுத்திருந்தார்.

இனி இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? தொண்டர் கிடைக்கவில்லையென்று வருந்தும்போது, நாம் பெரும்பாலும் வேலையை எளிதாக்கியும், நேரத்தைக் குறைத்தும், நற்சாட்சிப் பத்திரத்தைக் காட்டியும் இளைஞரை இழுக்கப் பார்க்கின்றோம். கோகலே இதற்கு மாறான வழியிற் சென்றார். குறையக் கேட்கவில்லை, முழுவதும் கேட்டார். தாம் கொடுத்தபின் கேட்டார். வந்தவர்களைக் கைவிடாது, அருகிருத்திக் கற்பித்தார். கலாசாலைப் பிள்ளைகள் அனைவரும் வாழ்நாள் முழுவதையும் தொண்டுக்குத் தர வேண்டுமென நாம் கூறவில்லை. அவரும் அங்ஙனம் கூறினாரல்லர். ஆனால் வாரத்தில் ஒரு மாலையைத் தருவதாக ஒப்புக்கொண்ட மாணவர், அம்மாலையைப் பரீட்சைக்காலத்திலும் தருவாராயின், அவர் கோகலேயின் வழியில் ஓரடி வைத்தவராவார். அவரை அழைத்த ஆசிரியரும் பழைய மாணவரும் அன்று மாலை அவருடன் இரவுப் பள்ளிக்குச் செல்வார்களாயின், பெயர்ப்பட்டியலைப் பற்றிய கவலை நமக்கு வேண்டுவதில்லை.